பழைய அவுட்போர்டு மோட்டாரின் கார்புரேட்டர்: கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு முழு வழிகாட்டி

பதினைந்து தடவை கயிறு இழுத்தாயிற்று. ஐந்து இழுப்புக்கு ஒரு இருமல், கொஞ்சம் புகை, பிறகு சத்தமே இல்லை. இந்த நேரத்தில் கை தானாகவே ஸ்க்ரூடிரைவரைத் தேடிப் போகும். கார்புரேட்டரின் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசித் திருகை இந்தப் பக்கம் கால் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று திருப்பிப் பார்க்கும். அதை மட்டும் செய்துவிடாதீர்கள். போன முறை ஒழுங்காக ஓடிய எஞ்சினில் அந்தத் திருகு தானாகத் திரும்பியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நீங்கள் திருப்பிவிட்டால் ஒரு கோளாறு இரண்டாகிவிடும். எது பழையது, எது நீங்கள் சேர்த்தது என்று அப்புறம் பிரிக்க முடியாது.

நான் இங்கே சொல்வது ஏறக்குறைய 1950 முதல் 1980கள் வரை வந்த, படகின் பின்னால் மாட்டும் டூ ஸ்ட்ரோக் மோட்டார்களுக்கு. ஒன்று அல்லது இரண்டு சிலிண்டர், ஃப்ளோட் (பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) வைத்த கார்புரேட்டர். ஜான்சன், எவின்ரூட், மெர்க்குரி எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான், அளவுகள்தான் மாறும். உங்கள் மாடலின் சர்வீஸ் கையேடு கையில் இருந்தால் அளவுகளை அதிலிருந்தே எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் போய்த் தேங்கி நிற்கும், ஒரு சின்னப் பொறி போதும். அதனால் கார்புரேட்டரைப் பிரிக்கிற வேலையைப் படகுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். மோட்டாரைக் கழற்றி ஒரு ஸ்டாண்டில் மாட்டுங்கள், காற்றோட்டமான இடமாகப் பாருங்கள், தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள்.

படி 1: குற்றவாளி கார்புரேட்டர்தானா?

பாதி நேரம் இல்லை. ஸ்பார்க், கம்ப்ரஷன், பெட்ரோல் மூன்றையும் பார்த்துவிட்டு கார்புரேட்டரிடம் வாருங்கள்.

ஸ்பார்க்கைப் பார்க்க, இடைவெளியை மாற்றிக்கொள்ளக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. பாயின்ட் வைத்த பழைய மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமல் பொறிக்கு மின்சாரம் தரும் அமைப்பு) என்றால் சுமார் 6 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டி நீலமாக, "டிக் டிக்" என்று சத்தம் கேட்கும்படி பொறி பாய வேண்டும். மஞ்சளாக, சோம்பலாக வந்தால் பாயின்ட், கன்டென்சர், காயில் பக்கம் போங்கள். பல கார்புரேட்டர் கோளாறுகள் உண்மையில் பலவீனமான ஸ்பார்க்தான். பொறியைச் சோதிக்கும்போது பக்கத்தில் திறந்த பெட்ரோல் இருக்கக் கூடாது.

கம்ப்ரஷனில், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் ஏற்றும் அழுத்தத்தில், எண் எவ்வளவு என்பதைவிட இரண்டு சிலிண்டருக்கும் இடையில் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். 10 சதவீதத்துக்குள் இருந்தால் பரவாயில்லை. ஒன்று நன்றாக இறங்கியிருந்தால் எந்தக் கார்புரேட்டரும் அதைக் காப்பாற்றாது.

பெட்ரோல்தான் பெரிய விஷயம். தொட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி ஜாடியில் ஊற்றிக் கால் மணி நேரம் விடுங்கள். அடியில் முத்து முத்தாக உருண்டால் அது தண்ணீர். எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னொரு தொல்லை உண்டு: எத்தனால் ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும், அளவு மீறியதும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனி அடுக்காகக் கீழே இறங்கிவிடும். எஞ்சின் உறிஞ்சுவதோ தொட்டியின் அடியிலிருந்து. மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோலை மூக்கே சொல்லிவிடும், பழைய வார்னிஷ் வாடை வரும். அதை வைத்துக்கொண்டு சோதனை செய்வதில் பயன் இல்லை, புதிதாகக் கலந்துகொள்ளுங்கள். 1950களின் மோட்டார்களுக்குப் பொதுவாக 24:1 (24 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில்), அறுபதுகளின் நடுவிலிருந்து வந்த பலவற்றுக்கு 50:1. எஞ்சினில் ஒட்டியிருக்கும் தகட்டிலோ கையேட்டிலோ எது இருக்கிறதோ அதுவே சரி. ஆயில் டிசி-டபிள்யூ3 தரத்தில், அவுட்போர்டுக்கு என்றே வருவதாக இருக்கட்டும்.

படி 2: தொட்டியிலிருந்து கார்புரேட்டர் வாய் வரை

தொட்டி மூடியில் இருக்கும் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள். ஐந்து பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு, மூச்சடைத்து நின்று, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கிளம்பும் மோட்டார்களில் பல இந்த ஒரு திருகால் நிற்பவைதான். மூடியைத் திறந்ததும் "ஸ்ஸ்" என்று காற்று உள்ளே போனால் விடை கிடைத்துவிட்டது.

அடுத்தது ஹோஸ். அதன் நடுவில் கையால் அழுத்தும் ரப்பர் உருண்டைதான் பிரைமர் பல்பு. அதன் மேல் உள்ள அம்பு எஞ்சினைப் பார்க்க வேண்டும். நாலைந்து அழுத்தலில் பல்பு கல் மாதிரி இறுக வேண்டும். இறுகவே இல்லையென்றால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது பல்பின் வால்வு போய்விட்டது, அல்லது கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்காமல் வழிந்துகொண்டிருக்கிறது. கனெக்டருக்குள் இருக்கும் சின்ன ஓ-ரிங்குகளையும் பார்த்துவிடுங்கள். காய்ந்துபோனால் அந்த வழியாகக் காற்று இழுக்கும்.

ஒரு மோட்டாருக்காக நான் ஒரே மாதத்தில் மூன்று முறை கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியிருக்கிறேன். ஐடிலில், அதாவது த்ராட்டில் கொடுக்காமல் மெதுவாக ஓடும்போது, தேன் மாதிரி ஓடும், முழு த்ராட்டில் கொடுத்து அரை நிமிடத்தில் துவண்டுவிடும். மெயின் ஜெட் (வேகத்துக்கான பெட்ரோலை அளந்து விடும் பொடி ஓட்டையுள்ள பித்தளைத் துண்டு) அடைப்பு என்று முடிவே கட்டிவிட்டேன். கடைசியில் வேறு காரணத்துக்காக ஹோஸை வெட்டியபோதுதான் தெரிந்தது: வெளியே புதுசு போல இருந்த ஹோஸின் உட்சுவர் பெயர்ந்து, ஒரு சின்ன நாக்கு மாதிரி உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக இழுத்தால் பெட்ரோல் விடும். வேகமாக இழுத்தால் அந்த நாக்கே வழியை மூடும். அன்றிலிருந்து பழைய மோட்டார் எது கைக்கு வந்தாலும் முதலில் ஹோஸை மாற்றிவிட்டுத்தான் பேச்சு.

எஞ்சினில் பெட்ரோல் பம்ப் இருந்தால் அதன் டயாஃப்ரமையும் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) பாருங்கள். பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க்கேஸ் அறையின் அழுத்தம் ஏறி இறங்குவதில்தான் அது துடிக்கிறது. டயாஃப்ரத்தில் ஊசி முனையளவு ஓட்டை விழுந்தாலும் பெட்ரோல் நேராக பம்ப் இணைந்திருக்கும் சிலிண்டருக்குப் போய், ஒரு ஸ்பார்க் பிளக் மட்டும் எப்போதும் நனைந்தே இருக்கும்.

1950களின் பல ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் பம்ப்பே கிடையாது. இரட்டை ஹோஸ் இருக்கும். எஞ்சின் தொட்டிக்குக் காற்றழுத்தம் அனுப்ப, அந்த அழுத்தம் பெட்ரோலைத் திருப்பித் தள்ளும். இங்கே மேலே சொன்ன கணக்கு தலைகீழ்: தொட்டி மூடியின் கேஸ்கெட் துளிகூடக் கசியக் கூடாது. மூடியைத் திறக்கும்முன் அழுத்தத்தை மெதுவாக வெளியே விடுங்கள், இல்லாவிட்டால் பெட்ரோல் முகத்தில் அடிக்கும்.

படி 3: எஞ்சினிடமே கேளுங்கள்

இதுவரை எல்லாம் சரி, அப்படியும் தொல்லை என்றால் எஞ்சினை ஓடவிட்டுச் சில கேள்விகள் கேட்கலாம். தண்ணீர் இல்லாமல் ஓட்டாதீர்கள். எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இறைக்கும் ரப்பர் இம்பெல்லர் சீக்கிரமே கருகிவிடும். பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, இம்பெல்லர் மூழ்கும் அளவுக்கு மோட்டாரை இறக்கி ஓட்டுங்கள்.

எஞ்சின் திணறும் அந்த நொடியில் பிரைமர் பல்பை அழுத்துங்கள். தெளிந்தால் கார்புரேட்டருக்குப் போதுமான பெட்ரோல் வந்து சேரவில்லை. ஹோஸ், பம்ப் பக்கம் திரும்புங்கள். பல்பை அழுத்தியும் ஒன்றும் மாறாமல், சோக்கைப் (காற்றைக் குறைக்கும் தகடு) பாதி இழுத்ததும் தெளிந்தால் கார்புரேட்டரின் அடியில் உள்ள கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது, ஆனால் ஜெட் வழியாக மேலே ஏறவில்லை. இப்போதுதான் கார்புரேட்டர் மாட்டிக்கொண்டது. சோக் இழுத்ததும் இன்னும் மோசமாகிறதா? ஏற்கெனவே பெட்ரோல் கூடுதல்.

கிளம்பவே கிளம்பாத எஞ்சினுக்குப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் வெள்ளமாக வருகிறது. காய்ந்த எஞ்சினின் கார்புரேட்டர் வாயில் ஆயில் கலந்த பெட்ரோலைச் சின்ன எண்ணெய்க் குப்பியால் இரண்டு சொட்டு விட்டுக் கயிறு இழுங்கள். இரண்டு நொடி ஓடி நின்றால் ஸ்பார்க் பிழைத்தது, பழி கார்புரேட்டர் மேல்.

மற்ற அறிகுறிகள் இப்படி. ஐடிலில் நிற்காது, வேகத்தில் நன்றாக ஓடும்: ஸ்லோ வழியில், அதாவது ஐடிலுக்குப் பெட்ரோல் போகும் பாதையில், அடைப்பு. ஐடில் நன்றாக இருக்கிறது, வேகம் கொடுத்தால் சுருண்டுவிடுகிறது: மெயின் ஜெட். கார்புரேட்டர் வாய் வழியே தும்மல் போட்டால் லீன், அதாவது பெட்ரோல் பற்றவில்லை. நிறுத்திவைத்த மோட்டாரின் வாயில் பெட்ரோல் சொட்டினால் ஃப்ளோட் அல்லது பெட்ரோல் நுழையும் வழியை மூடும் அதன் ஊசி.

வேகத்தில் லீனாக ஓடும் டூ ஸ்ட்ரோக்கை "பரவாயில்லை, ஓடுகிறதே" என்று விடாதீர்கள். இந்த எஞ்சினில் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்துதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடும் ஏறும். பிஸ்டன் உருகி ஓட்டை விழுந்தபின் கார்புரேட்டரைக் கழுவி என்ன பயன்?

படி 4: கழற்றுதல்

பிளக் வயர்களைக் கழற்றிவிடுங்கள். கார்புரேட்டரைத் தொடும்முன் எல்லாக் கோணத்திலும் நாலு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், முக்கியமாக சோக், த்ராட்டில் கம்பிகள் எந்த ஓட்டையில் மாட்டியிருக்கின்றன என்பதை.

ஊசித் திருகுகளைக் கழற்றும்முன் ஒவ்வொன்றையும் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் அடிதட்டுகிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். அடிதட்டியதும் நிறுத்திவிடுங்கள். இறுக்கினால் பித்தளை ஊசியின் கூர்முனையில் வளையம் மாதிரி ஒரு தடம் விழும். அந்த ஊசியை வைத்து அப்புறம் ட்யூன் பண்ணவே வராது. உங்களுக்கு முன்னால் யாராவது இறுக்கியிருந்தால் அந்த வளையம் இப்போதே இருக்கும். நகத்தால் தடவினால் தட்டுப்படும்.

கிண்ணத்தைத் திறந்ததும் உள்ளே இருப்பதை உடனே துடைத்துவிடாதீர்கள். பச்சை படிந்த வெள்ளைப் பொடி என்றால் தண்ணீர் தங்கியிருக்கிறது. பழுப்புப் பிசின் காய்ந்துபோன பெட்ரோல். கறுப்புத் துகள் ஹோஸின் உட்சுவர். அப்படியென்றால் கார்புரேட்டரை மட்டும் கழுவினால் இரண்டு வாரத்தில் மறுபடி இதே வேலை.

மெயின் ஜெட் பெரும்பாலும் கிண்ணத்தின் அடியில், வடிகால் திருகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதன் தலையில் உள்ள காடி முழுவதும் நிறையும் அளவுள்ள ஸ்க்ரூடிரைவர்தான் வேண்டும். சின்னதை வைத்து வம்பு செய்தால் பித்தளைக் காடி வழுக்கிப்போகும், அப்புறம் நாள் பூரா அதோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

படி 5: கழுவுதல்

வேலை கெடுவதும் நிற்பதும் இங்கேதான். ஸ்ப்ரே அடித்தேன், பளபளவென்று ஆகிவிட்டது, ஆனாலும் ஐடில் நிற்கவில்லை என்பார்கள். வெளியே பளபளப்பது எதற்கும் உதவாது. அடைப்பு கண்ணுக்குத் தெரியாத வழிகளில் இருக்கிறது.

ரப்பர், பிளாஸ்டிக், கார்க் எல்லாவற்றையும் முதலில் தனியே எடுத்துவிடுங்கள். கிளீனர் அவற்றைத் தின்றுவிடும். உலோகப் பகுதியைக் கார்புரேட்டர் கிளீனரில் டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை ஊறவையுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். ஏன் என்று இதோ தெரியும்.

த்ராட்டில் தகட்டை ஒட்டி, கார்புரேட்டர் குழலின் சுவரில் இரண்டு மூன்று பொடி ஓட்டைகள் வரிசையாக இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். ஐடிலுக்கான பெட்ரோல் இவற்றின் வழியாகத்தான் வருகிறது. ஸ்லோ ஊசி இருந்த துவாரத்தில் ஸ்ப்ரே குழாயை வைத்து, சுற்றிலும் விரலால் அடைத்துக்கொண்டு அழுத்துங்கள். அந்த ஓட்டைகள் ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனியாக, நூல் மாதிரி நேராக கிளீனர் பீறிட வேண்டும். ஒன்றில் பீறிட்டு இன்னொன்றில் வெறுமனே கசிந்தால் வேலை முடியவில்லை. ஊறவைத்து மறுபடி செய்யுங்கள். அடைப்பு சட்டென்று விட்டுக்கொள்ளும்போது கிளீனர் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. என் கண்ணில் ஒருமுறை பாய்ந்திருக்கிறது.

அப்படியும் திறக்காத வழிகளுக்கு, குழலின் மேலே அல்லது பக்கத்தில் அடைத்திருக்கும் வட்டத் தகட்டு மூடியைக் குத்திக் கழற்றித்தான் ஆக வேண்டும். அதற்கு மாற்று மூடி கையில் இருந்தால் மட்டும் தொடுங்கள்.

ஜெட்டுக்குள் எதை விடலாம்? ட்ரில் பிட், தையல் ஊசி, எஃகுக் கம்பி எதுவும் வேண்டாம். ஜெட் ஓட்டையின் அளவுதான் கார்புரேட்டரின் உயிர். ஒரு கீறல் விழுந்தாலும் கணக்கு மாறும். ஓட்டைக்குப் பொருந்தும் தடிமனில் நைலான் தூண்டில் நரம்பு ஒரு துண்டு போதும், படகுக்காரர்களிடம் அது இல்லாமலா இருக்கும்! கடைசியில் எல்லா வழிகளிலும் கம்ப்ரஷர் காற்றை அடித்துக் காயவிடுங்கள்.

படி 6: ஃப்ளோட்டும் அதன் ஊசியும்

பழைய மோட்டார்களில் ஃப்ளோட் பெரும்பாலும் கார்க்கில் செய்ததாக இருக்கும். அதன் மேல் பூசிய அரக்கு வார்னிஷை எத்தனால் கரைத்துவிடும். பிறகு கார்க் பெட்ரோலைக் குடித்துக் கனத்து, மூழ்கி, ஊசியை மூடாமல் விடும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். ஈரம் துளிர்த்தாலோ மேற்பூச்சு உரிந்தாலோ மாற்றிவிடுங்கள். பல மாடல்களுக்குப் பிளாஸ்டிக் ஃப்ளோட் பொருந்தும். பித்தளை ஃப்ளோட் என்றால் காதருகே வைத்துக் குலுக்குங்கள், உள்ளே சலசலத்தால் ஓட்டை.

ஊசியின் முனையிலும் தேய்மான வளையம் பார்க்க வேண்டும். பழையதை அழகுபார்த்து வைக்காமல், ரிப்பேர் கிட்டில் ஊசியும் இருக்கையும் சேர்ந்து வந்தால் இரண்டையும் மாற்றுவதே என் வழக்கம்.

உயரத்தைப் பார்க்க, கார்புரேட்டர் உடலைத் தலைகீழாகப் பிடியுங்கள். ஃப்ளோட் தன் எடையால் ஊசியை மூடும். அப்போது ஃப்ளோட், கேஸ்கெட் உட்காரும் முகத்துக்கு இணையாக நிற்பதுதான் பெரும்பாலான மாடல்களுக்கு அளவு. சாய்ந்திருந்தால் உலோக நாக்கை இம்மியளவு வளைத்துச் சரிசெய்யுங்கள், ஃப்ளோட்டை அழுத்தி வளைக்காதீர்கள். அதே நிலையில் பெட்ரோல் நுழையும் குழாயில் ஒரு சுத்தமான ஹோஸ் துண்டை மாட்டி வாயால் ஊதுங்கள். காற்று போகக் கூடாது. நேராகத் திருப்பினால் தாராளமாகப் போக வேண்டும்.

படி 7: கோர்ப்பது

புது கேஸ்கெட் போடுங்கள். பழையதை மறுபடி வைத்து சிலிகான் பேஸ்ட் பூசும் யோசனை வேண்டாம். பெட்ரோல் பட்டால் அது ஊறி, நூல் நூலாகப் பிரிந்து நேராக ஜெட்டுக்குள் போகும். பலமாக முறுக்கிய கைகளால் கார்புரேட்டரின் காதுகள் வளைந்திருக்கவும் கூடும். தட்டையான கண்ணாடி மேல் முகத்தை வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கண்ணாடி மேல் மெல்லிய உப்புத்தாளை விரித்து எட்டுப் போட்டுத் தேய்த்துச் சமப்படுத்துங்கள்.

ஊசித் திருகுகளைச் சுற்றி இருக்கும் பேக்கிங்கையும் மாற்றிவிடுங்கள். அது தளர்ந்தால் அந்த வழியாகக் காற்று நுழையும், அதிர்வில் திருகும் தானாகச் சுற்றும். நட்டை, திருகு கையால் திரும்பும் ஆனால் தானாகத் திரும்பாது என்கிற அளவுக்கு இறுக்கினால் போதும்.

படி 8: ட்யூனிங்

எழுதிவைத்த எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள். அதை நம்ப முடியாவிட்டால் ஸ்லோ ஊசியை அடிவரை மெதுவாக மூடி ஒன்று முதல் ஒன்றரைச் சுற்று திறங்கள். வேகத்துக்கும் தனி ஊசி இருக்கும் பழைய மாடல் என்றால் அதை முக்கால் முதல் ஒரு சுற்று. இவை கிளம்புவதற்கான அளவுகள்தான்.

பெரும்பாலான பழைய அவுட்போர்டுகளில் இந்த ஊசி பெட்ரோலைக் கட்டுப்படுத்தும், உள்ளே திருகினால் லீன். சில கார்புரேட்டர்களில் இருப்பது காற்றுத் திருகு. அங்கே உள்ளே திருகினால் ரிச், அதாவது பெட்ரோல் கூடுதல். எது என்று தெரிந்துகொண்டு கைவையுங்கள்.

எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும். படகில் மாட்டி, தண்ணீரில், கியரில் போட்டு ட்யூன் பண்ணுவதுதான் முறை. பீப்பாயில் அழகாகப் பாடும் எஞ்சின் படகைத் தள்ளும்போது வேறு மாதிரி நடந்துகொள்ளும். வேக ஊசி இருந்தால் முதலில் அது. முழு த்ராட்டிலில் எட்டில் ஒரு சுற்றாக மூடிக்கொண்டே வாருங்கள், ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து நொடி காத்திருங்கள். வேகம் ஏறும், பிறகு ஒரு இடத்தில் துவளத் தொடங்கும். அங்கேயே நிற்காமல் உடனே திறந்து, ஓட்டம் சீரான இடத்தையும் தாண்டி இம்மியளவு ரிச்சாக விடுங்கள்.

பிறகு மெதுவாக ஓடும்போது ஸ்லோ ஊசி. மூடிக்கொண்டே போனால் எஞ்சின் தும்மும். திறந்துகொண்டே போனால் ஓட்டம் கனத்து, புகைந்து, தடுமாறும். இரண்டுக்கும் நடுவில், ரிச் பக்கம் ஒரு துளி சாய்ந்த இடம்தான் சரி. சட்டென்று த்ராட்டிலைத் திறந்து பாருங்கள். தும்மிவிட்டு எழுந்தால் இன்னும் எட்டில் ஒரு சுற்று திறங்கள்.

இன்னும் சரியாகவில்லையா?

த்ராட்டிலைத் தள்ளும் வளைந்த தகட்டில் (கேம்) ஒரு குறிக்கோடு இருக்கும். சிறு உருளை அந்தக் கோட்டைத் தொடும்போதுதான் த்ராட்டில் தகடு திறக்கத் தொடங்க வேண்டும். இது தப்பினால் ஸ்பார்க் ஒரு பக்கம், பெட்ரோல் ஒரு பக்கம் என்று போய், வேகம் எடுக்கும்போது திக்கித் திணறும். கார்புரேட்டரைக் கழற்றி மாட்டியவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான்.

கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் காற்று இழுக்கிறதா என்று பார்க்க, ஓடும்போது கேஸ்கெட் விளிம்பைச் சுற்றிக் கெட்டியான கிரீஸை அப்புங்கள். சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். மாறாமல், பெட்ரோல் மட்டும் வாய் வழியாக மூடுபனி மாதிரி பலமாகத் திருப்பி அடித்தால் உள்ளே போன கலவை திரும்பாமல் தடுக்கும் ரீட் வால்வின் இதழ் ஒன்று உடைந்திருக்கலாம், அல்லது மூடாமல் நிற்கலாம்.

வேலை முடிந்து மோட்டாரை ஒதுக்கிவைக்கும் நாளில், ஹோஸைக் கழற்றிவிட்டுத் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். அப்படியும் கிண்ணத்தின் அடியில் ஒன்றிரண்டு ஸ்பூன் பெட்ரோல் மிச்சம் இருக்கும், பிசினாகக் காய்ந்து ஜெட்டை அடைப்பது அதுதான். வடிகால் திருகைத் திறந்து ஒரு துணியில் வடியவிட்டு, வாஷரோடு மறுபடி மூடிவையுங்கள்.